கலப்பகோஸ் தீவுகளும் அயலுயிர்களின் வரவும்

ஒரு நிலத்தைக் காக்க விரும்பும் அரசு முதலிற் செய்வது அதற்கு எல்லை வகுத்தலாகும். தேசப்படத்திலே கோடு கீறப்படும். வர்த்தமானியிலே அறிவித்தல் வெளிவரும். அக்கோட்டினுள்ளே மரந் தறித்தலும் வேட்டையாடலும் குற்றமெனச் சட்டம் கூறும். மனிதனுடைய கோடரியையும் துப்பாக்கியையும் இத்தகைய வேலி ஓரளவுக்குத் தடுத்து நிறுத்தும். ஆனால், அவன் முன்னொருநாள் விட்டுச்சென்ற ஆட்டையும், அவனது கப்பலிலிருந்து இறங்கிய எலியையும், அவனது தோட்டத்துப் பழத்தை உண்ட பறவை கொண்டுசென்ற விதையையும் அவ்வேலி தடுப்பதில்லை. சட்டத்தை அவை அறியா. காக்கப்பட்ட நிலத்தின் நடுவிலேயே அவை பெருகி, அந்நிலம் எதற்காகக் காக்கப்பட்டதோ அதனையே இல்லாமற் செய்துவிடும்.

இவ்வுண்மையை உலகுக்குத் தெளிவாக உணர்த்திய இடங்களுள் ஒன்று பசுபிக் சமுத்திரத்திலுள்ள கலப்பகோஸ் தீவுக்கூட்டமாகும். 1959ஆம் ஆண்டிலே எக்குவடோர் அரசு அத்தீவுகளைத் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்தது. அதே ஆண்டில், அத்தீவுகளுள் ஒன்றான பின்டாவிலே மீனவர் மூன்று ஆடுகளை இறக்கிவிட்டனர். காப்பும் அழிவும் ஒரே ஆண்டிற் கால்கொண்டன. அவ்விரண்டுள் எது வென்றது, எவ்விலை கொடுத்து வென்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தீவுகளின் இயல்பு

கலப்பகோஸ் தீவுகள் தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தொலைவில், பூமத்தியரேகையை ஒட்டிக் கிடக்கின்றன. பெருந்தீவுகள் 13, சிறு தீவுகளும் பாறைத் திட்டுகளும் பல. இவை யாவும் கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளின் முடிகளாம். எக்காலத்திலும் இவை பெருநிலத்தோடு இணைந்திருந்தவையல்ல. ஆதலின், இங்கு வாழும் உயிர்களின் மூதாதைகள் காற்றிலே பறந்தோ, கடலிலே மிதந்தோ, பறவைகளின் உடலில் ஒட்டியோ வந்தவையாதல் வேண்டும். அவ்வாறு வருதல் எல்லா உயிர்களுக்கும் இயல்வதன்று. ஊர்வனவும் பறவைகளும் வந்தன. வௌவாலும் ஒருவகைச் சிற்றெலியும் வந்தன. ஆடு, மாடு, பன்றி முதலிய பெரும் பாலூட்டிகள் வரவில்லை.

பாலூட்டிகள் இல்லாத அவ்விடத்திலே பேராமை மேய்ச்சல் விலங்கின் தொழிலை ஏற்றது. இவ்வாமைகளுட் பெரியவை 250 கிலோகிராமுக்கு மேல் நிறையுடையன. நூறாண்டைக் கடந்து வாழ்வன. புல்லையும் மரம்போல் வளரும் சப்பாத்துக்கள்ளியின் மடல்களையும் பழங்களையும் தின்று, விதைகளை எங்கும் பரப்பி, செடிகளை மிதித்து வெளிகளை உண்டாக்கி, அத்தீவுகளின் காட்டுக்கு வடிவங் கொடுத்தவை அவையே. ஒவ்வொரு தீவிலும், பெருந்தீவாகிய இசபெலாவில் ஒவ்வோர் எரிமலையிலும், அவை வெவ்வேறு வடிவம் பெற்றன.

இங்கே ஒன்று கருதத்தக்கது. யாழ்ப்பாணத்து வேலியோரத்தில் நிற்கும் ஆடாதோடையை ஆடு தீண்டாது. ஆட்டோடும் மாட்டோடும் நெடுங்காலம் வாழ்ந்த நிலத்துத் தாவரங்கள் கசப்பையோ முள்ளையோ காவலாகப் பெற்றுள்ளன. கலப்பகோஸ் தீவுகளின் தாவரங்கள் பல இத்தகைய காவலைத் தேடவேண்டிய தேவையின்றி வளர்ந்தவை. அவ்வாறே அங்குள்ள பறவைகளும் நாய் பூனைகளைக் கண்டு அஞ்ச அறியாதவை. பகையின்றி வாழ்ந்த உயிர்கள் பகையை எதிர்கொள்ளக் கற்றிருக்கவில்லை.

கப்பல்களின் காலம்

1535ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் திகதி பனாமாவின் ஆயர் தோமஸ் டி பேர்லங்கா என்பார், பெருவுக்குச் செல்லும் வழியிற் காற்றின்றி நீரோட்டத்தால் இழுக்கப்பட்டு இத்தீவுகளை அடைந்தார். ஸ்பானிய மன்னர் ஐந்தாம் சாள்சுக்கு அவர் எழுதிய கடிதத்திலே பேராமைகளைப் பற்றியும், மனிதனைக் கண்டு விலகியோட அறியாத பறவைகளைப் பற்றியும் குறிப்பிட்டார். ஆமையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லே தீவுகளுக்குப் பெயராயிற்று.

அதன்பின் கடற்கொள்ளையர் வந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்தன. உணவும் நீருமின்றிப் பல மாதங்கள் உயிர்தாங்கவல்ல பேராமை, குளிரூட்டும் வசதியில்லாத அக்காலத்துக் கப்பலுக்குக் கெடாத இறைச்சியாயிற்று. மாலுமிகள் அவற்றைப் புரட்டிக் கப்பலடியில் அடுக்கிக்கொண்டு சென்றனர். இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டவை ஓரிலட்சத்துக்குக் குறையா எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஆமைகள் ஏறின, எலிகள் இறங்கின. அடுத்த பயணத்துக்கு இறைச்சி வேண்டுமென்னும் எண்ணத்தோடு சில கப்பல்கள் ஆடுகளையும் கரையிலே விட்டுச்சென்றன.

ஐக்கிய அமெரிக்காவின் போர்க்கப்பலான எசெக்ஸின் தலைவர் டேவிட் போர்ட்டர் 1813ஆம் ஆண்டிலே சந்தியாகோத் தீவின் கரையில் நான்கு ஆடுகளை மேயவிட்டார் என்றும், அவை ஒருநாள் உள்நாட்டுக்கு ஓடி மறைந்தன என்றும் வரலாறு கூறும். அவர் தீங்கெண்ணிச் செய்தாரல்லர். கட்டறுத்து ஓடிய நான்கு ஆடுகளைத் தேடிப்பிடிப்பதிலும் பெரிய கருமங்கள் ஒரு போர்க்கப்பலின் தலைவருக்கு இருந்தன. அயலுயிர்களின் வரவு பெரும்பாலும் இத்தகையதே. அதிலே பகைமை இல்லை, கவனமின்மையே உண்டு.

டார்வின் கண்டதும் பின்னர் நிகழ்ந்ததும்

1832ஆம் ஆண்டிலே எக்குவடோர் இத்தீவுகளைத் தன்னாட்சிக்குட்படுத்திப் புளோரியானாத் தீவிலே குடியேற்றமொன்றை நிறுவியது. குடியேறியவரோடு மாடும் கழுதையும் பன்றியும் நாயும் பூனையும் வந்தன. மூன்றாண்டுகளின் பின், 1835ஆம் ஆண்டு செப்டெம்பரில், பீகிள் என்னும் பிரித்தானியக் கப்பல் இளைஞர் சாள்ஸ் டார்வினைச் சுமந்துகொண்டு அங்கு வந்தது. ஓர் ஆமையைக் கண்டால் அஃது எத்தீவினது எனச் சொல்லிவிடலாம் என்று அங்கிருந்த உபதேசாதிபதி லோசன் அவருக்குக் கூறினார். தீவுக்குத் தீவு உயிர்கள் வேறுபடுவதைப் பற்றிய அச்சிந்தனை பின்னாளில், 1859ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய பெருநூலுக்கு ஊட்டமளித்த ஊற்றுகளுள் ஒன்றாயிற்று.

அப்பயணத்திலேயே புளோரியானாவின் காடுகளிற் காட்டுப்பன்றிகளும் ஆடுகளும் மலிந்திருத்தலை டார்வின் கண்டார். சந்தியாகோவிலோ இகுவானா என்னும் உடும்பையொத்த நிலவாழ் ஊர்வன மிகுதியாயிருந்தன. அவற்றின் வளைகளில்லாத இடமொன்றைக் கூடாரமடிப்பதற்குத் தேடியலைய வேண்டியிருந்தது என அவர் எழுதிவைத்தார். எழுபது ஆண்டுகளின் பின், 1905, 1906ஆம் ஆண்டுகளிற் கலிபோர்னிய விஞ்ஞானக் கழகத்தார் அத்தீவை ஆராய்ந்தபோது அங்கு ஓர் இகுவானாவேனும் உயிரோடு காணப்படவில்லை. மண்ணைக் கிளறி முட்டைகளைத் தின்னும் பன்றிகள் அவ்வினத்தை அத்தீவிலிருந்து துடைத்துவிட்டன. புளோரியானாவின் பேராமை அதற்கு முன்னரே, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில், இல்லாதொழிந்தது.

பின்சோன் தீவின் கதை இன்னும் நுட்பமானது. அங்கு ஆமைகள் இறந்துபோகவில்லை. ஆனால் இளையவை இல்லை. கப்பல்களிலிருந்து இறங்கிய கறுப்பெலிகள், முட்டையிலிருந்து வெளிப்பட்ட குஞ்சுகளை ஒன்றும் விடாது தின்றன. முதிய ஆமைகள் உலவுவதைக் கண்ட ஒருவர் அத்தீவு நலமாயிருக்கிறதென்றே எண்ணியிருப்பார். நீண்ட ஆயுளுடைய உயிர்களில் அழிவு இவ்வாறு கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நூற்றாண்டு நடக்கக்கூடும்.

1959ஆம் ஆண்டு

டார்வினுடைய நூல் வெளிவந்து நூறாண்டு நிறைவுற்றதையொட்டி 1959ஆம் ஆண்டிலே, குடியிருப்புகள் நீங்கலாக எஞ்சிய நிலம் முழுவதும் தேசியப் பூங்காவாயிற்று. அது தீவுகளின் மொத்த நிலத்தில் ஏறத்தாழ 97 சதவீதமாகும். அவ்வாண்டிலேயே யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆதரவோடு சாள்ஸ் டார்வின் மன்றமும் அமைக்கப்பட்டது. அதன் ஆராய்ச்சி நிலையம் 1964இற் சந்தா குரூஸ் தீவிலே திறக்கப்பட்டது.

பின்டாத் தீவில் விடப்பட்டவை ஒரு கிடாயும் இரண்டு மறிகளுமாம். ஆட்டின் பெருக்கம் வீடுகளில் ஆடு வளர்ப்போர் அறியாததன்று. அங்கே அவற்றை அடிக்கும் விலங்கில்லை, பட்டி இல்லை, விற்பாருமில்லை. 1970களின் தொடக்கத்தில் அவற்றின் தொகை 30,000க்கும் 40,000க்கும் இடைப்பட்டதென மதிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்று, பல்லாயிரமாயிற்று. காட்டின் கீழ்ச்செடிகள் மறைந்தன, நிலம் வெறுமையுற்றது.

1971ஆம் ஆண்டு டிசெம்பரில், நத்தைகளை ஆராயச் சென்ற ஹங்கேரிய அறிஞரொருவர் அத்தீவில் ஓர் ஆண் ஆமையைக் கண்டார். பின்டாவின் ஆமையினம் அழிந்ததென அதுவரை எண்ணப்பட்டிருந்தது. அவ்வினத்தைக் குறைத்தவர் திமிங்கில வேட்டைக்காரரே. ஆயினும், எஞ்சியவற்றின் உணவை ஆடுகள் பறித்தன. அவ்வாமை 1972இற் சந்தா குரூஸ் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்குத் துணையாக ஒரு பெண்ணாமையைத் தேடிய முயற்சிகள் யாவும் வீணாயின. தனித்த ஜோர்ஜ் என்னும் பெயரால் உலகம் அதனை அறிந்தது.

முதல் முயற்சிகள்

பூங்காக் காவலர் தொகையிற் சிலர். அவர்கள் கையிலிருந்தவை துப்பாக்கிகளும் கால்களுமே. அவர்கள் சிறிய தீவுகளிலிருந்து தொடங்கினர். எஸ்பன்யோலாத் தீவிலே 1963க்கும் 1974க்கும் இடையில் உயிரோடு கண்டெடுக்கப்பட்ட ஆமைகள் 14 மட்டுமே. 12 பெண், 2 ஆண். அவை ஒன்றையொன்று சந்திக்க இயலாதவாறு சிதறிக் கிடந்தன. அவற்றைச் சந்தா குரூசுக்குக் கொணர்ந்து இனப்பெருக்கஞ் செய்வித்தனர். அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக்காட்சிச்சாலையிலிருந்த அதே இனத்து ஆணொன்றும் பின்னர் அவற்றோடு சேர்க்கப்பட்டது. இதற்கிடையில், 1978இல் எஸ்பன்யோலாவின் ஆடுகள் முற்றாக நீக்கப்பட்டன. இனத்தைப் பெருக்குதலும் பகையை நீக்குதலும் ஒருங்கே நடைபெற்றமையே அத்தீவின் நற்பேறு.

பின்டாவில் நிகழ்ந்தது வேறு. 1971 தொடக்கம் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 40,000க்கு மேற்பட்ட ஆடுகள் சுடப்பட்டன. ஆடு இனி இல்லையென நம்பி வேட்டை நிறுத்தப்பட்டது. ஆனால் புதரிடைத் தப்பிய சில மீண்டும் பெருகின. வேட்டை மீண்டுந் தொடங்கப்பட்டது. 2003ஆம் ஆண்டளவிலேயே அத்தீவு ஆடற்றது என்பது உறுதியாயிற்று. மூன்று ஆடுகளை இறக்குவதற்கு ஒருநாட் பொழுது போதுமாயிருந்தது. அச்செயலை மாற்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இதிலிருந்து ஒரு விதி புலப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீக்கினும் அது நீக்கமன்று. எஞ்சிய ஒரு பங்குக்குப் புல் மிகுதியாகக் கிடைக்கும். அதனால் அது விரைந்து பெருகும். முன்னைய உழைப்பும் முன்னைய உயிர்ச்சேதமும் பயனற்றுப் போகும். கடன்பட்டவன் முதலை விட்டு வட்டியை மட்டும் கட்டுவதை இது ஒக்கும். சந்தியாகோத் தீவின் பன்றிகளைப் பூங்காக் காவலர் 1968 தொடக்கம் வேட்டையாடினர். ஆயினும், இறுதிக் காலத்தில் வேட்டையும் நஞ்சும் முறைப்படுத்தப்பட்டு இடைவிடாது நடந்தபோதே 2000ஆம் ஆண்டிற் கடைசிப் பன்றி வீழ்ந்தது. அதற்குள் மாண்ட பன்றிகள் 18,000க்கு மேற்பட்டவை.

இசபெலாத் திட்டம்

பெருந்தீவாகிய இசபெலாவின் வடபகுதியைத் தென்பகுதியிலிருந்து பெரி என்னும் பூசந்தி பிரிக்கின்றது. அது முழுவதும் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறை. தெற்கிலிருந்த ஆடுகள் அதனைக் கடவாவென நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் அவை கடந்தன. 1990களில் வடபகுதியில் ஏறத்தாழ ஓரிலட்சம் ஆடுகள் இருந்தன. அங்குள்ள அல்சீடோ எரிமலையிலே பேராமைகள் பல்லாயிரம் வாழ்ந்தன. அம்மலையுச்சியின் மரங்களிற் படியும் மூடுபனி துளித்துளியாக வடிந்து குட்டைகளாகும். வறட்சிக் காலத்தில் ஆமைகளுக்கு அந்நீரே ஆதாரம். ஆடுகள் மரத்தின் பட்டையையும் கன்றுகளையும் தின்றமையால் மரங்கள் மடிந்தன. மரம் மடியத் துளி நின்றது. துளி நிற்கக் குட்டை வற்றியது.

1997ஆம் ஆண்டிற் பல நாட்டு அறிஞர்களும் பூங்கா அதிகாரிகளும் கூடி ஆராய்ந்து, இசபெலாத் திட்டம் எனப்படுவதை வகுத்தனர். சந்தியாகோ, வட இசபெலா, பின்டா ஆகிய இடங்களின் ஆடுகளை ஒன்றும் எஞ்சாது நீக்குதல் அதன் நோக்கம். ஐக்கிய நாடுகள் சபையின் அபிவிருத்தித் திட்டம் வாயிலாகவும் பிற வழிகளிலும் பொருளுதவி கிடைத்தது. செலவு ஏறத்தாழ ஒரு கோடி அமெரிக்க டொலர். இத்தொழிலில் அனுபவமிக்க நியூசீலந்து நாட்டார் துணைக்கு வந்தனர். ஹெலிகொப்டர்களிலிருந்து சுடுதல் 2004இல் தொடங்கியது.

கூட்டமாக நின்ற ஆடுகள் விரைவில் வீழ்ந்தன. துப்பாக்கியோசைக்கு அஞ்சிக் குகையிலும் புதரிலும் ஒளிந்த சிலவே பெரும் இடராயின. அவற்றைக் காண ஓர் உபாயங் கையாளப்பட்டது. ஆடு தனித்து வாழ விரும்பாத விலங்கு. தன்னினத்தைத் தேடிச் செல்வது அதன் இயல்பு. உயிரோடு பிடித்த ஆடுகளின் கழுத்தில் வானொலிச் சமிக்ஞை விடும் கருவியைப் பூட்டி அவிழ்த்துவிட்டனர். அவை ஒளிந்திருந்த ஆடுகளைத் தேடிச் சேர்ந்தன. சமிக்ஞையைத் தொடர்ந்து வேடர் வந்தனர். கூட்டத்தைச் சுட்டுவிட்டுக் கருவி பூண்ட ஆட்டை மட்டும் மீண்டும் கூட்டந் தேடவிட்டனர். யேசுநாதரைக் காட்டிக்கொடுத்த சீடனின் பெயரால் இவை யூதாசு ஆடுகள் எனப்பட்டன. இசபெலாவில் மட்டும் இத்தகைய ஆடுகள் நூற்றுக்கணக்கில் விடப்பட்டன. 2006ஆம் ஆண்டிலே திட்டம் முடிவுற்றது. சந்தியாகோவில் ஏறத்தாழ 79,000 ஆடுகளும் வட இசபெலாவில் 60,000க்கு மேற்பட்டவையும் மாண்டிருந்தன.

கொலையும் கொல்லாமையும்

இவ்வெண்களைக் கேட்டு மனங் கலங்காதவர் அரியர். கொல்லாமையை அறங்களின் தலையாகக் கொண்ட மரபிலே வளர்ந்தவர்க்கு, ஓருயிரைக் காக்க மற்றோருயிரைக் கொல்லுதல் தகுமோ என்னும் வினா இயல்பாகவே எழும். இவ்வினாவை எளிதிற் புறக்கணித்தல் முறையன்று. ஆடு குற்றமிழைக்கவில்லை. பசித்தது, தின்றது, அஃது அதன் இயற்கை. காட்டிக்கொடுத்த ஆடும் தன் இனத்தோடு கூடவே விரும்பியது. குற்றம் உண்டாயின் அது கரையிலே இறக்கிவிட்டவனுடையது.

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஆடு உலகின் எந்நாட்டிலும் உண்டு. பின்டாவின் ஆமை பின்டாவில் மட்டுமே இருந்தது. ஆட்டை விட்டுவிடுதலும் ஒரு கொலைக்கு உடன்படுதலே. ஆமை பட்டினியால் மாள்கையிற் குருதி சிந்துவதில்லை. ஆதலின் அக்கொலை கண்ணுக்குத் தெரிவதில்லை. உயிரோடு பிடித்து அகற்றலாமே எனின், பாதையற்ற பாறைவெளிகளில் இலட்சக்கணக்கான ஆடுகளை அவ்வாறு செய்தல் இயலாததாயிற்று. சுடப்பட்டவற்றின் உடல்களும் பெரும்பாலும் அந்நிலத்துக்கே எருவாக விடப்பட்டன. அத்தீவுகளில் வாழ்ந்த வறிய மக்களுட் சிலர், உணவாகக்கூடியதை வீணாக்குகின்றனரே என நொந்ததும் நியாயமற்றதன்று.

ஆனால் இவ்வழக்கிலே முடிவான சான்று எண்ணிலேயே உள்ளது. 1959இற் பின்டாவில் நின்ற ஆடுகள் மூன்று. அவற்றை அன்றே படகிலேற்றி மீட்டிருப்பின் ஒன்றும் மாண்டிராது. அன்று செய்யாமையால் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டவை கொல்லப்பட்டன. 1813இற் போர்ட்டரின் நான்கு ஆடுகளைத் தேடிப்பிடித்திருப்பின் சந்தியாகோவின் கதையும் வேறாயிருக்கக்கூடும். முள்மரத்தைக் கன்றாயிருக்கும்போதே களைதல் வேண்டும் என்று வள்ளுவர் அரசர்க்குரைத்த நெறி இங்கே கொல்லாமைக்கும் நெறியாகின்றது. காலந் தாழ்த்தலே கொலையைப் பெருக்குகின்றது. உயிர்க்கொலையை உண்மையாக வெறுப்பவன் முதலிற் காக்கவேண்டியது காட்டையன்று, துறைமுகத்தையே.

நீக்கியபின் எழுந்த இடர்கள்

அயலுயிரை நீக்கிவிட்டால் நிலம் தானாகவே பழைய நிலையை அடையுமென எண்ணுதலும் பிழை. சந்தியாகோவில் ஆடுகள் ஒழிந்தபின் காடு தழைத்தது. செடிகளடியில் வாழும் சிறு பறவைகள் பெருகின. ஆனால் ஆடுகள் அதுவரை மேய்ந்து அடக்கிவைத்திருந்த பிளக்பெரி என்னும் முட்செடியும் உடன் பரவியது. தென்னாசிய மலைநாடுகளுக்குரிய அச்செடி, பழத்துக்காகத் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டதாகும். திறந்த வெளியில் இரைதேடிப் பழகிய பருந்தின் தொகையும் காடு அடர்ந்தபின் குறைந்தது. சந்தா குரூசின் உயர்நிலத்திலே 1940களில் நடப்பட்ட சிங்கோனா மரம், முன்னர் மரமே இல்லாதிருந்த வெளிகளைக் காடாக்கியது. கொயினா மருந்துக்காக ஒருகாலத்தில் இலங்கை மலைநாட்டிலும் விரும்பிப் பயிரிடப்பட்ட மரம் அது. ஓரிடத்து மருந்து மற்றோரிடத்து நோயாதல் இதனாற் பெறப்படும்.

அவுஸ்திரேலியாவுக்குரிய பஞ்சுச் செதிற்பூச்சி 1982இல் இத்தீவுகளிற் காணப்பட்டது. அது தாவரச் சாற்றை உறிஞ்சி அரிய இனங்களையும் வாட்டியது. துப்பாக்கியும் நஞ்சும் பூச்சிக்குப் பயன்படா. அதனைத் தின்னும் பொறிவண்டு அவுஸ்திரேலியாவிலேயே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கலிபோர்னியாவின் தோடைத் தோட்டங்களைக் காத்ததும் அதுவே. எனினும், ஓர் அயலுயிரை அடக்க மற்றோர் அயலுயிரை விடுதல் அஞ்சத்தக்க செயலாகும். புதிதாக வரும் வண்டு உள்ளூர்ப் பூச்சிகளையும் தின்னுமோவென அறிஞர் ஆண்டுக்கணக்காக அடைத்துவைத்து ஆராய்ந்தனர். அதன்பின்னரே 2002இல் விடுவித்தனர். முந்திய காலத்துக் கவனமின்மைக்கும் இப்பொறுமைக்கும் உள்ள வேறுபாடே இவ்வரலாற்றிலே மனிதன் கற்ற பாடம் எனலாம்.

வாயிற்காவல்

ஆடுகளை நீக்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தீவுகளுக்கு வருவோர் தொகை பெருகியது. 1950ஆம் ஆண்டிலே சில ஆயிரமேனும் எட்டாதிருந்த குடித்தொகை இந்நூற்றாண்டில் 25,000ஐ எட்டியது. உல்லாசப் பிரயாணிகள் ஆண்டுக்கு இரண்டிலட்சத்தைக் கடந்தனர். அவர்களுக்கு வேண்டிய அரிசியும் காய்கறியும் மரமும் சீமெந்தும் கப்பலிலும் விமானத்திலும் வந்தன. அவற்றோடு எறும்பும் குளவியும் விதையும் வந்தன. மனிதராற் கொணரப்பட்ட அயலினங்கள் 1,500க்கு மேற்பட்டவையென 2017இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது.

1998ஆம் ஆண்டிலே எக்குவடோர் தனிச்சட்டமொன்றை இயற்றியது. பெருநிலத்திலிருந்து குடியேறுதல் மட்டுப்படுத்தப்பட்டது; வரும் பொருள்களைச் சோதிக்கும் முறை ஏற்பட்டது. 2012இல் அதற்கெனத் தனி நிறுவனமும் அமைந்தது. இது எளிதாக நிகழவில்லை. கடலட்டை பிடித்தற்கு விதிக்கப்பட்ட தடையாற் சினங்கொண்ட மீனவர் 1995இல் ஆராய்ச்சி நிலையத்தையே முற்றுகையிட்டு, அங்குள்ள ஆமைகளுக்குத் தீங்கு செய்வோமென அச்சுறுத்தினர். காக்கப்பட்ட நிலத்தில் வாழும் மக்களின் வாழ்வுக்கு வழிகாணாத காப்பு நிலைக்காதென்பதை அதிகாரிகள் அன்று உணர்ந்தனர். 2007இல் யுனெஸ்கோ இத்தீவுகளை ஆபத்துக்குள்ளான உலக மரபுரிமைகளின் பட்டியலிற் சேர்த்தது. காவல் முறைகள் திருந்தியமை கண்டு 2010இல் நீக்கியது.

மீட்சியும் இழப்பும்

உழைப்பு வீணாகவில்லை. பின்சோன் தீவின் எலிகள் 2012இல் நச்சிரையால் ஒழிக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டு டிசெம்பரில், நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின், தாமாகவே பொரித்து உயிர்தப்பிய ஆமைக் குஞ்சுகள் அங்கு காணப்பட்டன. எஸ்பன்யோலாவின் 15 ஆமைகள் ஏறத்தாழ இரண்டாயிரம் வழித்தோன்றல்களைத் தம் தீவுக்கு அனுப்பியபின், 2020 யூன் மாதத்திற் தாமும் அங்கு திரும்பின. டார்வின் கூடாரமடிக்க இடந் தேடிய சந்தியாகோவிலே 2019ஆம் ஆண்டு 1,400க்கு மேற்பட்ட இகுவானாக்கள் வேறொரு தீவிலிருந்து கொணர்ந்து விடப்பட்டன. அவை மீண்டும் வளை தோண்டின. வரலாற்றிலே போன பொருள் மீள்வது அரிது. இங்கு ஒரு பகுதி மீண்டது.

பின்டாவுக்கு அப்பேறு முழுமையாக வாய்க்கவில்லை. ஆடு நீங்கியதும் அதன் காடு தழைத்தது. காட்டுக்கு வேண்டிய மேய்ச்சலைச் செய்வதற்கு 2010இல் வேற்றினக் கலப்புடைய 39 ஆமைகள், இனம் பெருக்க இயலாதவாறு செய்யப்பட்டு, அங்கே விடப்பட்டன. தனித்த ஜோர்ஜ் தன் தீவைக் காணாமலே 2012ஆம் ஆண்டு யூன் 24ஆந் திகதி இறந்தது. வீடு திருத்தப்பட்டது, வீட்டுக்குரியவர் இல்லை.

1959ஆம் ஆண்டின் இரு செயல்களுள் எது வென்றது என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். பூங்காவே ஈற்றில் வென்றது. ஆனால் அரை நூற்றாண்டு உழைத்து, இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொடுத்து, காக்க வந்த இனங்களுள் ஒன்றை இழந்தே வென்றது. அன்று பிரகடனத்தில் ஒப்பமிட்டவர்களிடம் சட்டம் இருந்தது. கரையிலே நிற்க ஒரு காவலன் இருக்கவில்லை. அவ்வொரு காவலனுக்கு அன்று கொடுத்திருக்கவேண்டிய சம்பளமும் இசபெலாத் திட்டத்தின் ஒரு கோடி டொலரும் ஒருங்கே வைத்து எண்ணத்தக்கவை.